நகல்: மேலாளருக்கு

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸில் என் மேசைமீது ஓர் அட்டை இருந்தது. முகப்பில் சூரியகாந்திப் பூ, உள்ளே பதினோரு கையெழுத்து. இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறதாம், அதற்கு நன்றி. ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். "நெருக்கடியிலும் நீ நிதானமாக இருக்கிறாய்" என்று ஒருவர். "மூன்றாவது கன்வேயர் பெல்ட் கிழிந்த அன்று நீ இருந்தது நல்லதாயிற்று" என்று இன்னொருவர். பிரிவுத் தலைவர் நீல மையில் எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தார்.

இப்படி அட்டை வந்தால் மறுநாளைக்குள் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது இங்கே வழக்கம். நன்றிக்கு நன்றி. "அன்பான சகாக்களே" வரை அடித்தேன். அதற்குமேல் கை போகவில்லை. இன்று ஞாயிறு, ஐந்து நாளாகிறது. இவனுக்கு மரியாதை தெரியாது என்று நினைக்கத் தொடங்கியிருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நெய்வேலியில் என்னோடு படித்தவர்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். "வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி ஏதாவது எழுதுடா, ஜாலியா இருக்கட்டும்" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள். ஜாலியாக வருமா என்று தெரியவில்லை. அந்த மின்னஞ்சலை எழுத வராத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

2

நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில். இங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். நம் சுரங்கத்தில் மண்ணை வாரிக் கொட்டுகிற அந்தப் பெரிய சக்கர இயந்திரத்துக்குத் தாய்வீடே இந்த நாடுதான். அதனால் வந்த புதிதில் சுரங்க ஓரமாகப் பேருந்தில் போகும்போது எனக்குப் புது ஊர் மாதிரியே இல்லை. குளிர் மட்டும்தான் புதிது.

பத்து வருடம் முன்பு என் மனைவி செல்விக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. நானும் ஏழு வயது மகள் யாழினியும் பின்னால் வந்தோம். டிப்ளமா படித்து, ஆறு வருடம் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவன் இங்கே வந்து பார்சல் குடோனில் பெட்டிக்கு டேப் ஒட்டினேன். அது ஓடியது ஐந்து வருடம்.

குடோனில் சேர்ந்த முதல் வாரம் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால், பணிவாக "டாங்கே" என்பேன், ஜெர்மனில் நன்றி. உடனே குவளையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். இங்கே அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாம். ஒரு வாரம் காபி இல்லாமல் நின்ற பிறகுதான் ஒரு துருக்கிக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு வேலை தேடுகிறவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்த்தார்கள். நரைத்த தலையும் சிவப்புக் கண்ணாடியுமாக ஓர் அம்மா பாடம் எடுத்தார். தொழிலில் உதவி செய்தவர்களுக்கு நன்றிக் குறிப்பு அனுப்புவது எப்படி என்பதற்கு மட்டும் ஒரு முழு மதியம். ஒன்று, ஒரு நாளுக்குள் அனுப்பு. இரண்டு, பொதுவாக எழுதாதே. அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், எவ்வளவு சிரமப்பட்டார் என்று குறிப்பாக எழுது. மூன்றாவது விதியைப் பலகையில் அடிக்கோடிட்டார். அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். பாராட்டு மேலே தெரிந்தால்தான் அவருக்குப் பயன்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல மாணவன்.

3

நம் ஊரில் நன்றி சொல்வது எங்கே? கூட்ட முடிவில் ஒருவர் எழுந்து நன்றி கூறுவார், அதற்குள் பாதிப் பேர் சைக்கிளை எடுத்திருப்பார்கள். ஊர் எல்லை வளைவில் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதியிருக்கும். டாக்டருக்குச் சொல்வோம், ஆபீசருக்குச் சொல்வோம். கூட வேலை பார்க்கிறவனுக்குச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்காக என் நைட் ஷிஃப்ட்டை ஒருவன் மாற்றிக்கொண்டான். அவனுக்கு நன்றி சொல்லியிருந்தால், "இன்னாடா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பான். அடுத்த மாதம் அவன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், அவன் கேட்காமலே அவன் ஷிஃப்ட்டில் நான் போய் நின்றேன். பேச்சு அவ்வளவுதான்.

யாழினிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பிறந்தநாளுக்குத் திருவதிகையிலிருந்து என் தம்பி ஒரு கொலுசு அனுப்பினான். இவள் பள்ளியில் கற்றபடி பூ வரைந்து, அழகான அட்டை தபாலில் போட்டாள். தம்பி போன் செய்தான். "இன்னாண்ணே இது, சித்தப்பனுக்குப் போயி நன்றின்னு கார்டு போட்டிருக்கா? நாங்க இன்னா வேத்தாளா?" அவன் வருத்தத்தை மகளிடம் சொன்னேன். அவள் ஜெர்மனில் கேட்டாள், "அப்போ அவருக்கு எப்படித்தான் தெரியும்?" இப்போதெல்லாம் அவள் தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிக்கிறாள். நான் ஜெர்மனில் தொடங்கித் தமிழில் முடிக்கிறேன். நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்கிறோம்.

4

பெல்ட் வேலைக்குப் போக வேண்டுமென்றால் என் பழைய அனுபவத்தை இங்கே ஓர் அலுவலகம் அங்கீகரிக்க வேண்டும். அதற்கு நெய்வேலியில் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கடிதம் கேட்டார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, முத்திரையோடு. நானே எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியதைத் திருப்பிவிட்டார்கள். "உங்கள் வார்த்தை மட்டும் எங்களுக்குப் போதாது" என்றாள் அந்த அலுவலகப் பெண், ரொம்பவும் இனிமையாக.

நான் இருந்தது சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பு எடுத்திருந்த ஓர் ஒப்பந்தக் கம்பெனி. இன்று அது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கே டைம் கீப்பராக இருந்தவர் ஏழுமலை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் ஆட்களின் வருகையை மஸ்டரில் போடுவது, கேட் பாஸ் புதுப்பிப்பது, கம்பெனிக்கு வேண்டிய கடிதங்களைத் தட்டச்சு செய்வது எல்லாம் அவர்தான். நான் போன் செய்தபோது மறுபேச்சு பேசவில்லை.

"பழைய மஸ்டரெல்லாம் பரண்ல கெடக்குது தம்பி. வாரநாள்ல தொட முடியாது. ஞாயித்துக்கெழம போயி பாக்குறேன், சாவி எங்கிட்டதான இருக்குது."

அந்த ஞாயிறு முழுக்க அவர் அந்தத் தூசியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான்கு முறை கூப்பிட்டார். "அந்த வருசம் ஆடி மாசம் லீவு போட்டிங்களா தம்பி? இங்க ஒரு வாரம் காலியா இருக்குதே." பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். கடிதத்தைத் தயார் செய்து, திங்கட்கிழமை கையெழுத்துக் கோப்பில் வைத்தார். சைட் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது நாள் கூரியர் என் கைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் அங்கீகாரமும் வந்தது, இந்த வேலையும் கிடைத்தது.

வேலை கிடைத்த அன்று மாலையே உட்கார்ந்து ஏழுமலைக்கு நன்றி எழுதினேன். ஆங்கிலத்தில், விதிப்படி. அவர் ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்த நேரத்தில், அலுவலகத்தைத் தானே திறந்தார் என்று எழுதினேன். ஆறு வருட மஸ்டர் ரோலையும் புரட்டி, தினம் பன்னிரண்டு மணி நேரம் நான் வேலை பார்த்ததைப் படமெடுத்து அனுப்பினார் என்று எழுதினேன். இப்படி ஒரு ஊழியர் கிடைத்தது உங்கள் நிறுவனத்தின் பாக்கியம் என்று முடித்தேன். பக்கத்தில் நின்று படித்த யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அவங்க பாஸுக்கும் அனுப்புப்பா. இல்லன்னா அவருக்கு என்ன யூஸ்?" என்றாள். வகுப்பில் அடிக்கோடிட்ட விதியும் அதுதானே. சென்னை அலுவலக மேலாளரின் முகவரியைத் தேடிப் பிடித்து, நகல் என்ற இடத்தில் போட்டு, அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.

அந்தக் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன் நான். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு எட்டு மணி நேர மஸ்டர் ஒன்று, நிஜத்துக்கு இன்னொன்று என்பது எனக்குத் தெரியாதா? நிஜமானது ஏன் பரணில் கிடக்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஐந்து வருடமாக வேறு ஊர் விதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இது எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏழுமலையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "லெட்டர் பார்த்தேன். சரிங்க தம்பி." கூச்சப்படுகிறார் என்று செல்வியிடம் சொல்லிச் சிரித்தேன். சில மாதம் கழித்து அவருடைய எண் வேலை செய்யவில்லை. எண்ணை மாற்றியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

5

இந்த ஜனவரியில் நெய்வேலி போனேன். இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பழைய சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. பெயரைச் சேர்க்க ஒரு விண்ணப்பம், அதற்கு மூன்று நகல். மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு மனு அடித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை.

"வாங்க தம்பி" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. "எப்ப வந்தீங்க? ஆளு எளச்சிட்டீங்களே."

"மூணு நாளாச்சுண்ணே. நீங்க எப்படி இங்க? ஆபீஸ் போகலையா?"

"அத வுட்டு நாளாவுதுங்க. இங்கதான் டைப் அடிச்சிக்கினு இருக்கேன். குந்துங்க, இந்தம்மாவ அனுப்பிட்டு வரேன்."

அந்தப் பெண் போனதும் டீ சொன்னார். செல்வியை விசாரித்தார், யாழினி என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பிறகு, "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு பேப்பர் வேணும்" என்று மேசைக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்தார்.

கோப்பில் முதல் தாள் ஒரு மெமோ. டைம் கீப்பர் ஏழுமலை மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். யார் அனுமதியோடு விடுமுறை நாளில் அலுவலகம் திறக்கப்பட்டது? யார் அனுமதியோடு பதிவேடுகள் படமெடுத்து வெளியே அனுப்பப்பட்டன? கேள்விகளுக்கு நடுவில், மேற்கோள் குறிக்குள், என் ஆங்கில வாக்கியம் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். பின்னால் என் கடிதத்தின் அச்சு இணைக்கப்பட்டிருந்தது. மேலே, நகல்: மேலாளருக்கு.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் என் வாயால் கெட்டார்.

"வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"அப்பிடித் தூக்கலிங்க. வெளக்கம் எழுதிக் குடுத்தேன், வாங்கி வெச்சிக்கினாங்க. ரெண்டு மாசத்துல காண்ட்ராக்ட் வேற ஆளுக்கு மாறிச்சி. எப்பவும் பழைய ஆளுங்கள அப்பிடியே புதுக் காண்ட்ராக்டர்கிட்ட ஒப்படைப்பாங்க இல்ல, அந்த லிஸ்ட்டுல எம் பேரு இல்ல. லிஸ்ட்டே நான்தான் வருசா வருசம் அடிப்பேன். அந்த வருசம் சென்னையில அடிச்சி அனுப்பிட்டாங்க. கேட் பாஸ் வரல. அவ்ளோதான்."

"எங்கிட்ட ஏன்ணே சொல்லல?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "சொல்லி? நீங்க அங்கருந்து இன்னொரு லெட்டர் போடுவீங்க."

கேலியா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. எனக்கு அழுகையோ பதற்றமோ ஒன்றும் வரவில்லை. கடைக்கு வெளியே ஷிஃப்ட் பேருந்து ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது என்று எழுத வேண்டும். அது இங்கே ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது. அன்று மரத்துப்போன கை மாதிரிதான் இருந்தது எல்லாம்.

அவரே தொடர்ந்தார். நீண்ட நாள் விடாமல் வேலை பார்த்த காண்ட்ராக்ட் ஆட்களின் சீனியாரிட்டி பட்டியல் ஒன்று எடுக்கப்போவதாக யூனியனில் சொல்லியிருக்கிறார்களாம். அதில் பெயர் வந்தால் பர்மனெண்ட் ஆக ஒரு வழி இருக்கிறது. கம்பெனி வேண்டுமென்றே பெயரை விட்டதால் சர்வீஸ் நடுவில் அறுந்ததை மன்னிக்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார். ஆனால் அதற்கு முதலில் அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

"பதினேழு வருசம் இருந்தீங்களே, பேப்பர் இல்லையா?"

"எனக்கு வவுச்சர்ல சம்பளங்க. கேட் பாஸையும் புதுசு குடுக்கறப்ப பழச வாங்கிக்குவாங்க. ஆபீஸ் ஆளுக்கு மஸ்டர் கெடையாது. ஊருக்கெல்லாம் வருகை போட்டேன், எனக்கு நான் போட்டுக்கல." மெமோவைத் தட்டினார். "கம்பெனி எம் பேரு போட்டு, டைம் கீப்பருன்னு எழுதிக் குடுத்த ஒரே பேப்பர் இதான். இதத்தான் அப்பாயின்மெண்ட் ஆர்டர் மாதிரி வெச்சிக்கினு சுத்துறேன். பர்மனெண்ட்டா நாலு வருசம் இருந்தாலும் போதுங்க, ஆஸ்பத்திரி கார்டு வந்துடும். வூட்டுல அவளுக்கு முட்டி ஆபரேசன் பண்ணணும்."

அவருக்கு வேண்டியது என் கையெழுத்தோடு ஒரு கடிதம். நான் அங்கே வேலை பார்த்த ஆறு வருடமும் அவர் டைம் கீப்பராக இருந்ததைத் தினமும் கண்ணால் பார்த்தேன் என்று. உடனே எழுதுகிறேன் என்றேன். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். கை தானாக ஓடியது. எனக்கு இவர் செய்த உதவியை என்றும் மறக்க முடியாது, அதற்கு என் மனமார்ந்த நன்றியை... பின்னால் நின்ற ஏழுமலை என் தோளைத் தொட்டார்.

"அத எடுத்துடுங்க தம்பி."

"எதண்ணே?"

"நன்றி, உதவி எல்லாத்தையுந்தான். இது கடுதாசி இல்லிங்க, சாட்சி. நன்றின்னு வந்துச்சின்னா, வேண்டப்பட்டவரு எழுதிக் குடுத்திருக்காருன்னு தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. பேரு, வருசம், வேல. அவ்ளோ போதும்."

அழித்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அந்த மனிதர் இதில் கெட்டிக்காரர். ஆறு வரிதான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தினமும் காலை என் வருகையைப் பதிவு செய்தவர் இவரே. இதை நான் நேரில் அறிவேன். எல்லாம் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் இல்லை. கையெழுத்துப் போட்டேன், பாஸ்போர்ட் நகலை இணைத்தேன். நகல் யாருக்காவது போட வேண்டுமா என்று கேட்கப்போனவன் நிறுத்திக்கொண்டேன்.

என் பிறப்புச் சான்றிதழ் மனுவையும் அவரே சரிபார்த்துக் கொடுத்தார். ஓர் இடத்தில் தப்பாக எழுதியிருந்தேன். சாக்லேட் பையை நீட்டினேன், வாங்கி மேசையில் வைத்தார். "வரேண்ணே" என்றேன். "போயிட்டு வாங்க" என்றார். பேசுவதற்கு இருந்ததையெல்லாம் நான் ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதித் தீர்த்துவிட்டேன்.

6

போன மாதம் அவருடைய புது எண்ணுக்குப் போன் செய்தேன். "இன்னும் லிஸ்ட்டு வரலிங்க. வந்தா சொல்றேன்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆள் நிற்கிற மாதிரி இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். என் பிறப்புச் சான்றிதழ் பெயரோடு வந்துவிட்டது.

இதைச் செல்வியிடம் சொன்னேன். யாழினியிடம் சொல்லவில்லை. பதினேழு வயதாகிறது, சொன்னால் புரியும். அந்தப் பொத்தானை அழுத்தியது அவள் விரல் என்பதும் ஞாபகம் வரும்.

நான் வீட்டுக்கு எடுத்துவந்திருந்த அந்தச் சூரியகாந்தி அட்டையை இன்று மதியம் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "இதுக்கு நீ இன்னும் பதில் போடலையா? இட்ஸ் ரூடுப்பா." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "நெய்வேலி போனியே, அந்த ஏழுமலை அங்கிளப் பாத்தியா? நாம அனுப்பின மெயில் அவருக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பாத்தேன்" என்றேன். "அச்செடுத்து, கோப்புல போட்டு, பத்திரமா வெச்சிருக்கார்."

"பாத்தியா. பாஸுக்கு அனுப்புன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டே அட்டையை என் மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.